அளவுக்கம்பியில் ஏறிய ஒயில்

மகளே,

உன்னுடைய கடிதம் புதன்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தது. கிளாலிக் கடலைக் கடந்து வந்த களைப்போடு படலையடியில் நின்றே அதைத் தந்துவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். அம்மா அடுப்பில் வைத்த தேத்தண்ணீர்க் கேத்தில் கொதிக்குமட்டும்கூட அவர் நிற்கவில்லை. இரண்டு பக்கக் கடிதம். நான் அதை நான்கு தடவை வாசித்தேன். முதல் மூன்று தடவையும் முழுதாக. நான்காவது தடவை ஒரு வரியை மட்டும். வவுனியாவில் உன்னுடைய அலுவலகத்தில் உன்னைக் கள உத்தியோகத்தராக உயர்த்த விரும்புகிறார்கள் என்றும், முகாம்களில் இருக்கும் தாய்மாரையும் குழந்தைகளையும் நேரே போய்ப் பார்க்கும் அந்த வேலைதான் நீ இவ்வளவு காலமும் ஆசைப்பட்டது என்றும், ஆனால் வாகனத்தை நீயே ஓட்டவேண்டும் என்பதால் மாத முடிவுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, "எனக்கு வாகனம் சரிவராது, அப்பாவுக்குத் தெரியும்தானே" என்று அந்த ஒரு வரி.

அப்பாவுக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது நீ நினைப்பது அல்ல. அந்தக் காரின் எஞ்சின் உன்னால் பழுதாகவில்லை. இதை ஒரே வசனமாக எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். எழுதி முடித்தவுடனே, இது முழு உண்மையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் குளங்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்தவன் நான். பென்சிலில் போட்ட கோட்டைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் மை போடுவேன். இந்த விஷயத்தைச் சரிபார்க்க எனக்குப் பக்கத்து மேசை இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதி உன்னிடமே தருகிறேன். கடிதத்தை ஒட்டாமல் கொடுத்துவிடப் போகிறேன். வழியில் சோதனைக்காரர்கள் எப்படியும் பிரித்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். மூடி வைத்திருந்ததால் வந்த வினைதான் இது.

முதலில் அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பெரியப்பாவின் கொழும்பு வீடு எரிந்தபோது, ஒரு கலியாணத்துக்காக முந்திய மாதம் இங்கே கொண்டுவந்து விட்டுப்போன அந்தக் கார் மட்டும்தான் அவருக்கு மிஞ்சியது. அவர் வெளிநாடு போகும்போது சாவியை என் கையில் தந்து, "தம்பி, ஓடாட்டிலும் பறவாயில்லை, ஒயிலை மட்டும் பாத்துக்கொள்" என்று சொன்னார். ஆறு சிலிண்டர்கள், ஒரே வரிசையில். இரண்டாயிரத்து அறுநூறு சிசிக்குச் சற்று மேல். வெடிக்கும் ஒழுங்கு ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. ஒரு பிஸ்ரனின் உதைப்பு முடியுமுன் அடுத்ததன் உதைப்பு தொடங்கிவிடும். அதனால்தான் நாலு சிலிண்டர் கார்களைப்போல அது நின்ற இடத்தில் நடுங்குவதில்லை. அடியில் இருக்கும் தொட்டியில் பன்னிரண்டு பைந்து, கிட்டத்தட்ட ஏழு லீற்றர், ஒயில் கொள்ளும். சூடான எஞ்சின் ஓடும்போது ஒயில் அமுக்கமானியின் முள் ஐம்பதில் நிற்கவேண்டும். கைநூலில் இருந்த இந்த விவரங்களை எல்லாம் நான் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி, படங்களும் வரைந்து வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். கார் ஓடத் தெரிந்தவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். காரை வாசித்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. வேறு பெருமை எனக்கு அதிகம் இல்லை.

உனக்கு ஓடப் பழக்கியதும் அந்தக் கொப்பியை வைத்துத்தான். மூன்று வாரம் கார் கொட்டிலை விட்டு அசையவில்லை. எஞ்சினை நிறுத்தியபடியே கிளச்சை மிதிக்கவும், கியரை மாற்றவும், கைகாட்டவும் பழகினாய். "அப்பா, கொட்டிலுக்கை மட்டும் ஓடுறதுக்கு லைசன்ஸ் தருவினமோ?" என்று நீ கேட்டபோது அம்மா குசினியிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. ஒருநாள் எஞ்சினைத் தொடக்கிவிட்டு, உனக்குத் தெரியாமல் ஒரு பிளக்கின் வயரைக் கழற்றினேன். எனக்கு வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை. நீ ஆசனத்தில் இருந்தபடியே ஒன்று வேலை செய்யவில்லை என்றாய். நான் அதைப் போட்டுவிட்டு வேறொன்றைக் கழற்றினேன். அதையும் சொன்னாய். மூன்றாவது தடவை எதையும் கழற்றாமல் சும்மா நின்றேன். இப்போது எல்லாம் சரி என்றாய். அன்றைக்கே நான் விளங்கியிருக்க வேண்டும். என்னிடம் கொப்பி இருந்தது; உன்னிடம் காது இருந்தது.

தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பெற்றோல் வருவது நின்றதும் எல்லோரையும்போல நாங்களும் மண்ணெண்ணெய்க்கு மாறினோம். சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாயால் கார்ப்பரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடு ஏறியபிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. நம்முடைய எஞ்சின் நீளமானது. நடுச் சிலிண்டர்களுக்குப் போவது ஆவியாகப் போனாலும், இரண்டு கடைசித் தொங்கலிலும் இருக்கும் ஒன்றுக்கும் ஆறுக்கும் ஈரமாகத்தான் போய்ச் சேரும். ஆறாவது பிளக் எப்போது கழற்றினாலும் நனைந்திருந்தது. அந்த ஈரம் எரியாமல் எங்கே போகிறது என்று ஒரு படவரைஞன் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. பிளக்கைத் துடைத்துப் பூட்டிவிட்டு, "ஆறு, ஈரம், துடைத்தது" என்று கொப்பியில் எழுதினேன்.

இனித்தான் நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லாத விஷயம் வருகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் முகம் கழுவியதும் நான் முதலில் செய்வது ஒயில் பார்ப்பது. அளவுக்கம்பியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, நிறைவுக் கோட்டோடு ஒப்பிட்டு எழுதுவேன். பழைய எஞ்சின் ஒயில் குடிக்கும். மேலே கோட்டில் இருந்தது மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மண்ணெண்ணெய்க்கு மாறியபிறகு அது இறங்கவில்லை. எனக்கு ஆச்சரியமாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது. ஒயிலுக்கும் தட்டுப்பாடான காலம். "எங்கடை எஞ்சின் ஒரு துளி ஒயில் குடிக்குதில்லை" என்று சந்தையடியில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் காலை ஒயில் கோட்டுக்கு மேலே ஒரு நெல்மணி அளவு நின்றது. நான் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டேன். அப்போதும் மேலேதான். ஒருவரும் ஊற்றாமல் ஒயிலின் அளவு கூடமுடியாது. அப்போது என் வலது கண்ணில் படலம் தொடங்கியிருந்தது. ஆகவே பிழை கண்ணில் என்று முடிவு செய்து, கொப்பியில் "நிறைவு" என்று எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஒவ்வொரு நாளும் கோட்டுக்கு மேலே கண்டேன். ஒவ்வொரு நாளும் "நிறைவு" என்று எழுதினேன். கொப்பி இப்போதும் இருக்கிறது. அதில் ஒரு வெட்டுக்கூட இல்லை. அவ்வளவு துப்புரவான பொய்யை நான் வேறெங்கும் எழுதியதில்லை. ஆனால் எழுதும்போது பொய் என்று தெரியாது. என்னைச் சந்தேகப்படுவதை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு மாதத்துக்குள் ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று நீ ஒயில் பார்த்தாய். உள்ளே வந்து கட்டிலடியில் நின்று சொன்னாய்: "அப்பா, ஒயில் மண்ணெண்ணெய் மணக்குது."

"உன்ரை கை மணக்குது, பிள்ளை. நேற்று புனல் பிடிச்ச கை."

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டன்."

"அப்ப துடைக்கிற துணி மணக்கும்."

நீ போய்த் துணியை மணந்து பார்த்தாய். பிறகு கையை மணந்து பார்த்தாய். துணியை மடித்துக்கொண்டு வந்தாய். பிறகு, "அப்பிடித்தான் இருக்கும்" என்றாய். எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த "அப்பிடித்தான் இருக்கும்" என்பதை நினைக்கும்போதுதான் நான் செய்தது விளங்குகிறது. நான் என்னுடைய கண்ணுக்குச் செய்ததை உன்னுடைய மூக்குக்குச் செய்தேன். என் கண்ணில் படலம் இருந்தது. உன் மூக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆவணியில் சாவகச்சேரியில் நடந்த கலியாணம் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்கு. என் கண்ணை நம்பி ஓட முடியாது என்று நீ ஓடினாய், நான் பக்கத்தில், பின்னால் அம்மாவும், அம்மாவின் தம்பி சின்னமாமாவும். அச்சுவேலியிலிருந்து புறப்படவே பிந்திவிட்டது. மாமா புத்தூர்ச் சந்தி வரைக்கும் மணிக்கூட்டைப் பார்த்தபடியே வந்தார். சந்தி தாண்டி வெட்டவெளிக்குள் இறங்கியதும் நீ வேகத்தைக் குறைத்து, சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்றாய். மாமா, "பிள்ளை, உன்ரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முகூர்த்தம் காத்துக்கொண்டு நிக்காது. மிதி" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அமுக்கமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இருபதில் நின்றது. பல வாரமாகவே அது மெல்ல இறங்கி வந்தது. மானி பழையது, பழுதாகியிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். நான் மானியின் கண்ணாடியில் விரலால் தட்டினேன். நீ என்னிடமிருந்து பதில் வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டு மிதித்தாய். வாதரவத்தை வெளியின் நடுவில், ஒரு மரமும் இல்லாத இடத்தில், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டத் தொடங்கியது. நீ உடனே நிறுத்தினாய். உடனே நிறுத்தினாய் என்பதைக் கவனி. நான் ஓடியிருந்தால் இன்னும் ஒரு மைல் யோசித்திருப்பேன்.

அந்த வழியால் வந்த உழவு மெசினின் பின்பெட்டியில் ஏறி, வைக்கோல் ஒட்டிய சேலையோடும் வேட்டியோடும் நாங்கள் கலியாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. இலைக்கு முன்னால் இருத்தியபிறகு, என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டார். ஆர் ஓடினது என்று இன்னொருவர் கேட்டார்.

"வேறை ஆர், எங்கடை டிரைவரம்மாதான்" என்றார் மாமா. "ஆறு சிலிண்டரையும் ஒரே மிதியிலை சமைச்சு இறக்கிப்போட்டா."

பந்தி முழுக்கச் சிரித்தது. பொம்பிளைப் பிள்ளையிடம் இவ்வளவு பெரிய காரைக் கொடுத்த தகப்பனைச் சொல்லவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாய். அப்போதே எனக்கு மனதுக்குள் சந்தேகம் இருந்தது; அமுக்கமானியைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். நான் வாளியோடு வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னேன். அன்றைக்கு நான் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

மறுகிழமை அந்தோனி வந்து அடியில் படுத்து ஒயில் தொட்டியைக் கழற்றினார். குருநகர்க்காரர்; தகப்பன் காலத்திலிருந்து வள்ளத்து எஞ்சின்களோடு பழகியவர்; இடம்பெயர்ந்து வந்து நம்முடைய ஒழுங்கையில் இருந்தார். நீ அன்று வீட்டில் இல்லை. ஆறாவது பிஸ்ரனின் தண்டைத் தாங்கும் பெயாரிங்கில் இருந்த வெள்ளை உலோகம் உருகிக் கரைந்திருந்தது. வடித்த ஒயில் கறுப்பாக இருந்தாலும் தண்ணீரைப்போல ஓடியது. அவர் விரலில் தொட்டு மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "ஐயா, இது ஒயில் இல்லை. பாதிக்குமேலை மண்ணெண்ணெய். பிஸ்ரனுக்குப் பக்கத்தாலை கீழை இறங்கியிருக்கு. எங்கடை வள்ளத்திலை ஒயில் ஏறிச்செண்டா அண்டைக்கே மாத்திப்போடுவம். நீங்கள் பாக்கேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் பாத்தனான், தம்பி" என்றேன்.

அவர் மேலும் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர், என்னை நோகடிக்க விரும்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையும் கடைசியிலை கொஞ்சம் கூட மிதிச்சிருப்பா போலை" என்றார். எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் "இருக்கலாம்" என்றேன்.

மகளே, அந்த "இருக்கலாம்" என்ற சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். அதில் பொய் இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மெலிந்த ஒயிலோடு இருபத்தைந்து மைல் வேகத்தில் மெல்லப் போயிருந்தால் அன்று சாவகச்சேரி போய்ச் சேர்ந்திருப்போமா? சேர்ந்திருக்கலாம். அப்படியானால் மிதித்த காலுக்கும் பங்கு உண்டா? ஆனால் மிதிக்கச் சொன்னது மாமா. தடுக்காமல் இருந்தது நான். அன்று போய்ச் சேர்ந்திருந்தாலும் திரும்பி வரும் வழியிலோ அடுத்த கிழமையோ அது உருகியே இருக்கும். அப்படியென்றால் பழுது அன்று நடந்ததா, இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்ததா? கடுதாசியில் கோடு போட்டு, இடப்பக்கம் ஒயில், வலப்பக்கம் வேகம் என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்று நான் சத்தியம் செய்தால், உனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். ஒயில் மணக்கிறது என்று நீ சொன்னாய், அது மணந்தது. சத்தம் வேறு மாதிரி என்று நீ சொன்னாய். அது வேறு மாதிரித்தான் இருந்தது. தட்டியவுடன் நிறுத்தினாய். அந்தக் காரில் இருந்த நாலு பேரில் எஞ்சின் சொன்னதைக் கேட்ட ஆள் நீ ஒருத்திதான்.

பிறகு ஏன் மூன்று வருடம் சொல்லாமல் இருந்தேன் என்று கேட்பாய். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. முதலில், ஆறு சிலிண்டருக்குரிய பெயாரிங் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டியபிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்; குடாநாடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு, நீ அதை மறந்திருப்பாய் என்று நினைத்தேன். சித்தப்பா வீட்டு வானை ஒருக்கால் சந்தைக்கு ஓட்டிப் போய் வா என்று நான் கேட்டபோது நீ சாவியை மேசையில் வைத்துவிட்டு, நடந்தே போட்டு வாறன் என்றாய். அப்போது தெரிந்தது நீ மறக்கவில்லை என்று. அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், வெயிலுக்குக் குடை கொண்டு போ என்றுதான் வந்தது. அளந்து நடக்கிற மனிதர் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று பயந்தேனோ தெரியாது. அப்படி எழுதும்போதும் அது மட்டும் காரணம் இல்லை என்று படுகிறது. சில பயங்களுக்குக் காரணம் கிடையாது. நான் அப்படியே பிறந்திருக்கலாம். அதை உனக்கும் தந்துவிட்டேனே என்பதுதான் இப்போதைய கவலை.

எழுதுமுன் ஒரு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னமாமா வீட்டுக்குப் போனேன். பந்தியில் சிரித்தவர்களிடம் முதலில் சொல்லவேண்டும், பிறகுதான் உனக்கு எழுத எனக்கு உரிமை உண்டு என்று மனதில் பட்டது. வழிநெடுகச் சொல்லவேண்டிய வசனத்தைப் பாடமாக்கினேன். மாமா கிணற்றடியில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பி, கொப்பி, மணம், அந்தோனி சொன்னது, நான் சொன்னது.  அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"அத்தான், உதைச் சொல்லவோ இந்த வெயிலுக்கை சைக்கிளிலை வந்தனீங்கள்?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்டைக்குப் பிள்ளையோ ஓடினது? நான் நீங்கள் ஓடினது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

டிரைவரம்மா என்று பகிடி விட்டதை நினைவுபடுத்தினேன். அவருக்கு நினைவில்லை. வைக்கோல் பெட்டியில் போனது நினைவிருந்தது, பந்தியில் கத்தரிக்காய்ப் பால்கறி தீர்ந்துபோனது நினைவிருந்தது. திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தேன். ஆறுதல்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியவில்லை. அந்தப் பந்தியில் இருந்த எல்லோரும் கையைக் கழுவிவிட்டு எழும்பியிருக்கிறார்கள். நீயும் நானும் மட்டும் இன்னும் இலைக்கு முன்னால் இருக்கிறோம். அவர்களெல்லாம் உன்னைக் குறைவாக நினைக்கிறார்கள் என்று நீ பயந்தாய். என்னைக் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்று நான் பயந்தேன். அவர்களோ ஒருவரையும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தாமலே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றா.

"எப்பிடி?"

"அந்தோனி வடிச்சு வைச்ச ஒயிலை நான் எடுத்துக் குப்பி விளக்குக்கு விட்டனான். நல்லா எரிஞ்சது. எஞ்சின் ஒயில் உப்பிடி எரியுமோ?"

அப்படியென்றால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் அவ சுளகைக் கீழே வைத்தா. "நீங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருப்பியள் எண்டு நினைச்சன். தகப்பனும் மகளும் எஞ்சினைப் பற்றிக் கதைக்காமல் இருப்பியளோ? அவள் ஓடாமல் விட்டது தன்ரை விருப்பத்திலை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்." பிறகு சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனா. சோறு போட்டா. தண்ணீர் வைத்தா. இரவில் விளக்கை அணைக்குமுன், உன் கடிதத்தைத் தரச் சொல்லி வாங்கி, அந்த வரியைத் தானும் ஒருமுறை வாசித்தா.

உனக்கு அறிவுரை சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் வயது போனவன், ஒன்றாவது சொல்லாமல் கடிதத்தை முடிக்க வராது. நீ அந்த முகாம்களுக்குப் போனால், தராசிலும் அளவு நாடாவிலும் ஒன்று இருக்கும், உன் கண்ணுக்கு வேறொன்று தெரியும். குழந்தையின் நிறை கூடியிருக்கிறது என்று அட்டை சொல்லும். பிள்ளை வாடியிருக்கிறது என்று உனக்குப் படும். அந்த இடத்தில் அட்டையைத்தான் நம்பவேண்டும் என்று நான் உனக்குப் பழக்கியிருக்கிறேன். அதை விட்டுவிடு. அட்டையை நம்பாதே என்று சொல்லவில்லை. உனக்குப் பட்டதையும் பக்கத்தில் எழுதிவை என்கிறேன். விளக்கம் கிடைக்காவிட்டாலும் எழுதிவை. இருக்க முடியாதது என்று உனக்கு நீயே சொல்லிக் கண்டதை மாற்றி எழுதாதே. வாகனத்திலும் அப்படித்தான். பின்னாலிருந்து ஒருவர் மிதி என்பார், பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருப்பார். ஓடுகிறது நீ. உனக்குச் சத்தம் பிழையென்று பட்டால் நிறுத்தி இறங்கிப் பார். முகூர்த்தம் தவறினாலும் சோறு கிடைக்கும். அன்று எங்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கடிதத்தை உனக்காக எழுதினேனா, என் பாரம் குறையவென்று எழுதினேனா என்று திரும்ப வாசிக்கும்போது குழப்பமாக இருக்கிறது. இரண்டும்தான் போல. அதை நீ பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உனக்கு நேரமில்லை. திங்கட்கிழமை ஒருவர் அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் இது வரும். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. எனக்கு மன்னிப்பு எழுதவேண்டாம், கோபமாகவும் எழுதவேண்டாம். அதையெல்லாம் நேரில் கண்டால் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு ஓம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், எனக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு துண்டில் எழுதி அனுப்பு. அந்த வீதிகளை நினைத்து அம்மா பயப்படுவா. அவவுடைய பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னுடையதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டையும் உன்னுடைய வாகனத்தில் ஏற்றாதே.

அப்பா